மணலில் வெந்த கேக்

குக்கரில் மணல் போடப்போவதாக துர்கா சொன்னபோது, சாப்பிட்டுக்கொண்டிருந்த சாலமோன் நிமிர்ந்து பார்த்தானே தவிர ஒன்றும் கேட்கவில்லை. நான்கு வருடக் குடித்தனத்தில் அவனுக்கு இதெல்லாம் பழகிவிட்டது. ஒருநாள் வேலை முடிந்து வந்தால் உடைந்த கிரேயான் துண்டுகளும் எரிந்து மிஞ்சிய மெழுகுவத்திகளும் பால் பாத்திரத்தில் உருகிக்கொண்டிருக்கும். மறுநாள் அது கொட்டாங்குச்சிக்குள் ஊதாவும் மஞ்சளுமாக உறைந்து ஜன்னலில் உட்கார்ந்திருக்கும். கிழிந்த குடைத்துணி பையாக மாறும். ஆரஞ்சுத் தோல் சர்க்கரைப் பாகில் கிடந்து மிட்டாயாகும். காசு செலவழித்து எதையும் வாங்கிச் செய்வதில் துர்காவுக்கு ஆசையே இல்லை. இருப்பதை இன்னொன்றோடு சேர்த்தால் என்ன ஆகும் என்று பார்க்கிற ஆசை மட்டும் அடங்கவே அடங்காது.

இந்த முறை அவளைக் கிளப்பிவிட்டது வேர்க்கடலை மடித்து வந்த ஒரு வாரப் பத்திரிகைத் தாள். அதில் பிஸ்கட்டைப் பொடித்து, குக்கரின் அடியில் மணல் பரப்பி, ஓவன் இல்லாமலேயே கேக் செய்யலாம் என்று போட்டிருந்தது. அளவு எழுதியிருந்த பாதி கிழிந்து வேறு யாருடைய கடலையோடோ போய்விட்டது. அதுதான் அவளுக்குப் பிடித்திருந்தது. எதிரில் எழும்பிக்கொண்டிருந்த ஃப்ளாட்டின் வாட்ச்மேனிடம் கேட்டு ஒரு டப்பா மணல் வாங்கி, மாவுச் சல்லடையில் சலித்து, வாளியில் தண்ணீர் தெளியும்வரை அலசி, மொட்டைமாடியில் பேப்பர் விரித்துக் காயப்போட்டாள். வீட்டுக்காரம்மா லோகநாயகி துணி காயவைக்க வந்தவள், வாடகை வீட்டில் என்ன கட்டப்போகிறாய் என்று விசாரித்தாள். கேக் என்றதும் மேற்கொண்டு கேட்காமல் இறங்கிப்போனாள்.

முதல் கேக் அடியில் கரியாகி மேலே கூழாக நின்றது. அடுத்தது வெந்தது, ஆனால் அம்மிக்கல் மாதிரி இருந்தது. அதற்கப்புறம் மணலை முன்கூட்டியே சூடாக்கி, கேஸ்கட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட்டு, தீயைச் சிம்மில் வைத்து, ஆப்பசோடாவைக் கடைசி நிமிஷத்தில் கலந்தாள். வாசனை மாடிப்படி இறங்கித் தெருவுக்குப் போயிற்று. மூடியைத் திறந்தபோது கேக் பாத்திரத்தின் விளிம்புக்கு மேல் எழும்பி, நடுவில் லேசாக வெடித்திருந்தது. மகள் கிறிஸ்டியைத் தூக்கிக்கொண்டு துர்கா அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அந்த வாசனையில்தான் கேபிள் தயாளனும் வந்து சேர்ந்தான். மாசக் காசு வாங்க வந்தவனுக்கு ஒரு துண்டு கொடுத்தாள். தின்றுவிட்டு இன்னொன்று கேட்டவன், எந்த பேக்கரியில் வாங்கியது என்றான். விஷயம் தெரிந்ததும் தன்னுடைய லோக்கல் சேனலுக்கு வந்து செய்துகாட்டச் சொன்னான். புதன்கிழமை மத்தியானம், வீட்டில் செலவில்லாமல் செய்கிற பண்டம், கைவேலை எல்லாம் காட்டுகிற நிகழ்ச்சி அது. நேரடி ஒளிபரப்பு, போனில் கேள்வி கேட்பார்கள், வந்தவர்களுக்கு ஒரு ஹாட்பேக் பரிசு. துர்கா தலையாட்டி மறுத்துக்கொண்டே இருந்தாள். போகும்போது அவன் பெருமைக்காக ஒன்று சொன்னான்.

"சின்ன சேனல்னு நெனச்சுக்காதீங்க அக்கா. அஸ்தினாபுரத்துலேர்ந்து செம்பாக்கம் ஏரி வரைக்கும் நம்ம வயருதான்."

அவள் அவனைக் கூப்பிட்டு, எத்தனை மணிக்கு வரவேண்டும் என்று கேட்டாள்.

சாலமோனிடம் சும்மா போய்ப் பார்க்கலாம் என்று இருக்கிறது என்றாள். அவன் கைகழுவிக்கொண்டே கேட்டான். "உங்க வீட்ல மத்தியானம் டிவி பாப்பாங்களா?"

"தெரியாது," என்றாள். தெரியும். அவளுடைய அம்மா கங்கையம்மாள் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு டிவி எதிரில்தான் தலையைச் சாய்ப்பாள்.

துர்காவின் அப்பா துலுக்காணத்துக்குச் செம்பாக்கத்தில் ஏரித் தண்ணீர் பாய்ந்த நெல்வயல் இருந்தது. அது மனைகளாகி விற்றுப்போன பிறகு, மிச்சமிருந்த இடத்தில் மணல், ஜல்லி, செங்கல் இறக்கி வியாபாரத்தில் உட்கார்ந்தார். பக்கத்திலேயே மாடி வீடு கட்டினார். அந்த வீட்டுக்கு ஏசி மாட்ட வந்தவன்தான் சாலமோன். மாட்டிவிட்டுப் போனவன், ரிப்பேரே இல்லாத ஏசியைப் பார்க்கத் திரும்பத் திரும்ப வந்தான். ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம் நடந்த செய்தி தெரிந்தபோது துலுக்காணம் கத்தவில்லை, ஆள் அனுப்பவில்லை. இரண்டாம் நாள் அவருடைய மணல் லாரி அஸ்தினாபுரத்துக்கு வந்தது. டிரைவர் துர்காவின் பீரோவை, உள்ளே மடித்துவைத்த துணியோடு, வாசலில் இறக்கிவைத்துவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். அந்தப் பீரோவின் டிராயரில் இப்போதும் கைவிட்டால் மணல் நெருடும். அதற்குப் பிறகு யாரும் யாரோடும் பேசவில்லை. நடந்துபோகிற தூரம்தான். ஆனால் அவள் தாம்பரம் போவதென்றாலும் செம்பாக்கத்தைத் தொடாமல் குரோம்பேட்டை வழியாகச் சுற்றிக்கொண்டுதான் போனாள்.

ஃபேன்சி ஸ்டோருக்கு மேலே இருந்த ஒரே அறைதான் தயாளனின் சேனல். பச்சைத் திரை, இரண்டு விளக்கு, ஒற்றை அடுப்பு, ஸ்பீக்கரோடு இணைத்த ஒரு போன். நிகழ்ச்சி நடத்துகிற ஜெயஸ்ரீ காலேஜில் படிக்கிற பெண். துர்கா வீட்டிலேயே ஒரு கேக் செய்து கொண்டுவந்திருந்தாள். இங்கே கலந்து அடுப்பில் ஏற்றுவதைக் காட்டிவிட்டு, வெந்ததை எடுத்து வெட்டவேண்டியதுதான். கேமராவின் சிவப்புப் புள்ளி எரிந்ததும் அவள் வாயிலிருந்து அவளுக்கே தெரியாத ஒரு தமிழ் வந்தது. முதலில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது மூன்று பாக்கெட் பிஸ்கட், என்றாள். பிறகு நாம் அதை நன்றாகப் பொடித்துக்கொள்ள வேண்டும், என்றாள். செம்பாக்கத்து வீட்டின் ஹாலும், சோபாவில் ஒருக்களித்துக் கிடக்கும் அம்மாவும் கேமராவுக்குப் பின்னால் இருப்பதுபோல் இருந்தது. பொடி கொஞ்சம் மேசையில் சிந்திற்று.

முதலில் போன் செய்த பெண் கிரீம் பிஸ்கட்டில் செய்யலாமா என்றாள். அடுத்த பையன் ஜெயஸ்ரீயோடு பேசினான், கேக்கைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. மூன்றாவது அழைப்பில் சிறிது நேரம் மூச்சு மட்டும் கேட்டது. பின்னால் எங்கோ லாரி ரிவர்ஸ் எடுக்கும் சத்தம்.

"ஹலோ, வணக்கம். யாரு பேசறீங்க, எங்கேர்ந்து பேசறீங்க?" என்றாள் ஜெயஸ்ரீ.

"செம்பாக்கம்." பேரைச் சொல்லவில்லை. "மேடத்தாண்ட ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க சார், லைன்லதான் இருக்காங்க."

"அது இன்னா மணலு? ஆத்து மணலா, பூசு மணலா?"

துர்காவின் கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றது. கேக்கைப் பற்றிக் கேட்க வந்த இடத்தில் மணலைப் பற்றிக் கேட்கிற மனிதர் இந்த ஊரில் ஒருவர்தான். அவள் அடுப்பைப் பார்த்தாள், சிவப்புப் புள்ளியைப் பார்த்தாள்.

"ஆத்து மணல்தான் சார். சலிச்சு, கழுவி, காயவெச்சது."

"உப்புக் கரிக்கலியே?"

"இல்ல சார். நாக்குல வெச்சுப் பாத்தேன்."

லோடு வந்து இறங்கினதும், கடல் மணல் கலந்திருக்கிறதா என்று ஒரு சிட்டிகையை நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்புவது அப்பாவின் பழக்கம். சின்ன வயதில் அவளும் கூட நின்று அப்படியே செய்திருக்கிறாள். வைத்துவிட்டார் என்று அவள் நினைத்தபோது குரல் மறுபடி வந்தது, இந்த முறை கொஞ்சம் தாழ்ந்து.

"இது சக்கர இல்லாம செய்ய முடியுமா? வூட்ல ஒருத்தருக்கு சுகர் கீது."

"யாருக்கு?" என்று கேட்டுவிட்டாள். ஜெயஸ்ரீ திரும்பிப் பார்த்தாள். துர்கா சமாளித்துக்கொண்டு, "எவ்வளவு கீது சார் அவங்களுக்கு?" என்றாள்.

"முந்நூறத் தாண்டிப் போச்சுன்றாங்க. கால் வெரல்ல ஒரு புண்ணு. ஆற மாட்டேங்குது."

"டாக்டராண்ட காட்டினீங்களா?"

"காட்டிகினுதான் கீறோம்." மறுபடி லாரி சத்தம். "நீ… நீங்க வந்ததுலேர்ந்து பாத்துகினு கீறாங்க. கண்ண எடுக்கல."

மேசைமேல் வெட்டிவைத்த கேக் துண்டுகள் இருந்தன. அதில் ஒன்றைத் துர்கா நகர்த்தி வைத்தாள், மறுபடி பழைய இடத்திலேயே வைத்தாள். ஜெயஸ்ரீ, நேரமாகிறது என்று விரலைச் சுற்றிக் காட்டினாள்.

"பிஸ்கட்டுலயே சக்கர கீது சார். இது அவங்களுக்கு வாணாம். ஒரு துண்டு கூட குடுக்காதீங்க. நான் வேற மாரி செஞ்சு பாத்துட்டு சொல்றேன்." டிவித் தமிழ் எங்கே போயிற்று என்று அவளுக்கே தெரியவில்லை.

"எப்ப சொல்லுவ?" என்றார் துலுக்காணம்.

அவள் பதில் சொல்வதற்குள் ஜெயஸ்ரீ நேயருக்கு நன்றி சொல்லி லைனைத் துண்டித்துவிட்டாள்.

சாலமோன் அன்றைக்கு ஒரு வீட்டில் ஏசி சர்வீஸ் செய்துகொண்டிருந்தான். வீட்டுக்காரர்களிடம் கேட்டுச் சேனலை மாற்றவைத்து, ஸ்பேனரைக் கையில் பிடித்தபடி முழு நிகழ்ச்சியையும் பார்த்திருந்தான். சாயந்திரம் வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தப் புண் எந்தக் காலில் என்று கேட்டான். அதை நான் கேட்கவில்லையே என்று சொல்லும்போதுதான் துர்காவுக்கு அழுகை வந்தது.

அதற்குப் பிறகு அவள் வேறு எதையும் செய்யவில்லை. சர்க்கரைக்குப் பதில் பேரீச்சம்பழம் போடலாம் என்று அதே சேனலில் வேறொரு பெண் எப்போதோ சொன்னது ஞாபகம் வந்தது. அதுவும் இனிப்புதானே என்று மருந்துக்கடைக்காரர் சொன்னதில் அதை விட்டாள். தேனும் வெல்லமும் அதே கதைதான். அப்படியானால் இனிப்பே இல்லாத கேக் எப்படி இருக்கும் என்ற கேள்வி மட்டும் மிஞ்சியது. அது ஒரு கேள்வியாக வந்த நிமிஷத்தில் அவளுடைய கலக்கம் கொஞ்சம் ஒதுங்கி நின்றது. கோதுமை மாவை வெறும் வாணலியில் வாசனை வர வறுத்தாள். புளித்த தயிரில் சோடாவைப் போட்டதும் அது பொங்கி நுரைத்ததைக் கிறிஸ்டியைக் கூப்பிட்டுக் காட்டினாள். கேரட்டைத் துருவிப் பிழிந்து போட்டாள். ஒன்றில் மிளகும் சீரகமும், இன்னொன்றில் இடித்த வேர்க்கடலையும் போட்டுப் பார்த்தாள். கிறிஸ்டி முதல் கேக்கை வாயில் வைத்ததும் உள்ளங்கையில் துப்பிக் கொடுத்தாள். லோகநாயகி, இது கேக் இல்லை, வடைக்கு அக்கா மாதிரி இருக்கிறது என்றாள். கடைசியாக வந்தது எழும்பவும் எழும்பியது. மென்றபிறகு நாக்கின் ஓரத்தில் கேரட்டின் இனிப்பு மெல்ல வந்து நின்றது. துப்புவாள் என்று துர்கா கையை நீட்டிக்கொண்டிருக்க, கிறிஸ்டி விழுங்கிவிட்டு அடுத்த துண்டைக் காட்டினாள்.

அடுத்த புதன்கிழமைவரை காத்திருக்க அவளால் முடியவில்லை. சனிக்கிழமை மத்தியானம் கேக்கை டிபன் பாக்ஸில் வைத்துத் துணியில் கட்டினாள். நானும் வரட்டுமா என்றான் சாலமோன். முதலில் நான் போகிறேன் என்றாள். சட்டையை மாட்டியிருந்தவன் அதைக் கழற்றாமலேயே வாசலில் நின்று அவளையும் கிறிஸ்டியையும் ஆட்டோ ஏற்றிவிட்டான்.

ஏரிக்கரையில் இறங்கி நடந்தாள். வயலாக இருந்த இடத்தில் வரிசையாக வீடுகள், ஒவ்வொன்றின் தலையிலும் கறுப்புத் தண்ணீர் டேங்க். மணல் டிப்போவில் இரண்டு பேர் ஜல்லி அள்ளிக்கொண்டிருந்தார்கள். அப்பாவின் நாற்காலியில் துண்டு மட்டும் கிடந்தது. ஆள் இல்லை. அவர் எங்கே என்று கேட்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. கிறிஸ்டி நடக்கமாட்டேன் என்று கையை நீட்டினாள். அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, வீட்டுக்கு எதிர்ப்பக்கம், ஒரு மரத்தடியில் நின்றாள். கேட் சாத்தியிருந்தது. புதிதாகப் பச்சைப் பெயின்ட் அடித்திருந்தார்கள்.

மாடியில் கொடியிலிருந்து யாரோ துணி எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு போர்வை விலகியதும் அம்மா தெரிந்தாள். மெலிந்திருந்தாள். ஒரு காலை முழுசாக ஊன்றாமல், பக்கவாட்டில் அடியெடுத்து வைத்து, ஒவ்வொரு துணியாக உருவித் தோளில் போட்டுக்கொண்டிருந்தாள். இந்தக் காலோடு இவளை மாடி ஏற யார் விட்டது என்று துர்காவுக்குக் கோபம்தான் முதலில் வந்தது.

"அது யாரும்மா?" என்றாள் கிறிஸ்டி.

துர்கா மாடியையே பார்த்தாள். கிறிஸ்டி எதற்கும் இருக்கட்டும் என்பதுபோல் கையை உயர்த்தி ஆட்டினாள்.

மேலே, துணியை உருவிய கை பாதியில் நின்றது. கங்கையம்மாள் கைப்பிடிச் சுவர்வரை வந்தாள். வெயிலுக்கு நெற்றியில் கையைக் குடைபிடித்துக் கீழே பார்த்தாள். முதலில் குழந்தையை, பிறகு குழந்தையைத் தூக்கியிருந்தவளை. வெகுநேரம் பார்த்ததுபோல் இருந்தது. பிறகு தோளில் கிடந்த துணிகளைச் சுவர்மேலேயே போட்டுவிட்டு அவசரமாகத் திரும்பினாள். சுவருக்குப் பின்னால் அவள் தலை ஒருபக்கமாகச் சாய்ந்து சாய்ந்து படிக்கட்டை நோக்கிப் போய் மறைந்தது.

கொடியில் பாதித் துணி எடுக்காமல் கிடந்தது. ஒரு மஞ்சள் புடவை மட்டும் கிளிப்பிலிருந்து ஒரு முனை கழன்று, ஏரிக்காற்றில் சுவரைத் தாண்டி வெளியே வந்து தொங்கி ஆடிக்கொண்டிருந்தது.