கடிகாரம் பார்த்த மெஷின்

அடுப்பை விட்டு விலகினால் எதுவும் ஆறிப்போகும். ப்யூனஸ் அயர்ஸில் ஒரே குவளையைக் கைமாற்றி மாத்தே டீ குடிக்கிற எவருக்கும் இது தெரியும். பிளாஸ்க் தண்ணீர் கடைசி ஆளிடம் வருவதற்குள் வெதுவெதுப்பாகிவிடும். சூரியனிலிருந்து துகள்களாகப் பாய்ந்து வரும் சூரியக் காற்று மட்டும் இந்த நியாயத்துக்குக் கட்டுப்படாது. சூரியனை விட்டு எவ்வளவு தூரம் வந்தாலும், ஆற வேண்டிய அளவுக்கு ஆறாது. வழியில் அதைச் சூடாக்குவது எது என்று கண்டுபிடிக்கத்தான் ரொமினா, டாக்டர் பட்டம் வாங்கிய பிறகும் ஊர் உலகம் பார்க்காமல், கம்ப்யூட்டருக்குள் போலிச் சூரியக் காற்றை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

அன்று காலை பெட்டி நிறைய மெதியாலூனா ரொட்டியோடு வந்தாள். அவள் பழக்கிய மெஷின், அந்தக் காற்றில் ஓர் இடம் சூடாகியிருக்கிறதா இல்லையா என்று நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு முறை சரியாகச் சொல்லியிருந்தது. வெள்ளிக்கிழமை கூட்டத்தில் காட்டினால் வேலை இன்னும் இரண்டு வருடம் நீளும். காட்ட ஒன்றுமில்லை என்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

பக்கத்து மேஜை ஃபௌஸ்தோ மாத்தேயை நீட்டினான்.

"தொண்ணூத்தெட்டா? எனக்குக் கல்யாணம் நடக்குமான்னு அதுகிட்ட கேட்டுச் சொல்லேன்."

"அதுக்கு மெஷின் எதுக்குடா? உன் மூஞ்சியப் பாத்தாலே தெரியுதே."

"சரி தாயே. அதுக்கு என்னென்ன ஊட்டின?"

"காந்தப்புலம், வேகம், அடர்த்தி, நேரம்..."

"நேரமா?"

ரொமினாவின் கை ரொட்டியோடு பாதியில் நின்றது. கம்ப்யூட்டருக்குள் அடைத்த போலிக் காற்று நேரம் ஆக ஆக எப்படியும் சூடாகும். மெஷின் காற்றைப் பார்க்கவே இல்லை. கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, இந்நேரம் சூடாகியிருக்கும் என்று அடித்துவிட்டிருக்கிறது.

"நம்ம எவாரிஸ்தோ மாதிரியே இருக்கே," என்றான் ஃபௌஸ்தோ. எவாரிஸ்தோ அவர்களுடைய தலைவர். பேச்சு ஒரு நிமிடம் நீண்டாலும் ஆளை உட்கார வைத்துவிடுவார்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகைதான் வந்தது. நேரத்தை எடுத்துவிட்டு மறுபடி பழக்கினாள். சாயங்காலம் விடை வந்தது. அறுபத்து மூன்று.

"பழசையே காட்டிடு ரோமி. யாருக்கும் தெரியாது," என்றான் அவன், கிண்டலை விட்டுவிட்டு.

"எனக்குத் தெரியுமேடா."

வெள்ளிக்கிழமை அவள் இரண்டு எண்ணையும் காட்டினாள். நடந்ததையும் சொன்னாள். அறையே சிரித்தது.

"காசைச் சுண்டிப் போட்டாலே அம்பது வருமே, ரொமினா," என்றார் எவாரிஸ்தோ.

"வரும். அதுக்கு மேல எங்கேர்ந்து வந்துச்சுன்னு பாருங்க."

மெஷின் சரியாகச் சொன்ன இடங்களுக்குத் திரையில் சிவப்பு பூசியிருந்தாள். சிவப்பெல்லாம் மெல்லிய ஏடுகளாக ஓடியது. காந்தப்புலம் சட்டென்று திசை திரும்பும் இடங்கள் அவை. சூட்டை அங்கே தேடு என்று மெஷினுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

எவாரிஸ்தோ எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

"இதை முதல்லயே கண்டுபிடிச்சிருக்கலாமே அது?"

"கடிகாரம் இருந்துச்சே. அது ஏன் கஷ்டப்படப் போகுது?"

அவர் சிவப்பை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். "இதை ஒழுங்காப் பார்க்க இன்னும் ரெண்டு வருஷமாவது ஆகும் உனக்கு," என்றார். ரொமினாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

அடுத்துப் பேச வேண்டிய ஃபௌஸ்தோ லேப்டாப்போடு எழுந்து நின்று தொண்டையைக் கனைத்தான். "அவ நேரம் எப்பவோ முடிஞ்சிடுச்சுங்க."

எவாரிஸ்தோ திரும்பக்கூட இல்லை. "உட்காருப்பா, அப்படி என்ன அவசரம்?"