மோப்பத்துக்குப் போன புள்ளிகள்

பக்கத்து வீட்டு பிரிட்ஜ் மெக்கானிக் கரடி ஆகப்போகிறார் என்று அவர் மனைவி சொன்னபோது, சிரித்துத் தொலைக்கக் கூடாதே என்று நாக்கைக் கடித்துக்கொண்டேன். அக்கா என்றுதான் அவளைக் கூப்பிடுவேன். ஒட்டுக்கேட்கிற பழக்கம் எனக்கில்லை; சுவர்தான் மெல்லிசு. மகள் விபத்தில் போனதிலிருந்து அந்த மனிதர் அக்காவிடம் வாய் திறக்கவில்லை என்பது அப்படித் தெரிந்ததுதான். வெளியே கம்ப்ரசரைப் பற்றிக் கேட்டால் மூச்சுவிடாமல் பேசுவார். வாசல்படி தாண்டினால் வாயைத் தைத்துக்கொள்வார்.

கரடி ஆவது ஒரு மேசை விளையாட்டில். அந்த விளையாட்டு மகளுடையது. ஆய்வுக்கூடத்தில் மரபணுவை மாற்றி உருவாக்கிய விலங்குகள் தப்பி ஓடுகின்றன. ஆளுக்கொரு விலங்காக மேசையைச் சுற்றி உட்கார்ந்து, அதன் வாயால் பேசவேண்டும், பகடை உருட்டவேண்டும். அவள் இருந்தவரை ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா நீர்நாயாகி உளறிக் கொட்டுவார். சிரிப்பு என் சமையலறை வரை வரும். விலங்கின் வாயாலாவது பேசிவிடமாட்டாரா என்ற நப்பாசையில்தான் அக்கா தன் தம்பியை வரவழைத்திருந்தாள். பல்செட் செய்கிறவன், கதை சொல்லி ஆட்டத்தை நடத்துவது அவன் பொறுப்பு. ஆள் குறைகிறது என்று என்னையும் கூப்பிட்டார்கள். கூப்பிடாவிட்டாலும் போயிருப்பேன்.

கதவோரம் ஒரு பை தயாராக இருந்தது.

"இன்னிக்கும் எங்கிட்ட ஒரு வார்த்தை பேசலைன்னா தம்பியோட கிளம்பிடுவேன்," என்றாள் அக்கா, என் காதோடு.

ஒவ்வொரு விலங்குக்கும் பத்துப் புள்ளி. கைவிரல், நிமிர்ந்த நடை, பேச்சு, கூர்மையான மூக்கு எல்லாவற்றையும் அதில்தான் வாங்கவேண்டும். அக்கா நரி, பாதியைப் பேச்சுக்கே கொட்டினாள். நான் கோழி. உங்களுக்குப் பேச்சுக்குத் தனியாப் புள்ளி எதுக்கு என்று தம்பி கேட்டான், பொறுத்துக்கொண்டேன். மெக்கானிக் பத்தையும் மோப்பத்துக்குப் போட்டார்.

"மாமா, பேச்சுக்கு ஒண்ணாவது வைங்க. இல்லேன்னா கரடியால வாயே திறக்க முடியாது."

தெரியும் என்பதுபோல் தலையை ஆட்டினார். அக்காவின் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்க வாய்த்தும் பார்க்காமல் விட்டது என் ஆயுளில் அதுதான் முதல் தடவை.

நரி விடவில்லை. காட்டிலும் ஆற்றிலும் கரடியின் கூடவே பேசிக்கொண்டு வந்தது. குளிருதா, பசிக்குதா, எம்மேல கோவமா. கரடி நடந்தது. கடைசியில் தம்பி கதையை ஓர் இடிந்த வீட்டின் பூட்டிய அறை முன்னால் கொண்டுவந்து நிறுத்தினான்.

மெக்கானிக் தொண்டையைச் செருமினார். எல்லோரும் நிமிர்ந்தோம். அவர் பேசியது தம்பியிடம்.

"பத்துப் புள்ளி இருக்குல்ல. உள்ள அவ வாசனை இன்னும் இருக்கான்னு இந்த மூக்குக்குத் தெரியுமா?"

தம்பி பகடையை அவர் பக்கம் நகர்த்தினான். "பகடை போடணும், மாமா," என்றான்.

மகள் உருட்டி உருட்டி மூலை தேய்ந்த பகடை. எடுத்தார். உருட்டவில்லை. உள்ளங்கையில் வைத்து மூடி, அந்தக் கையை மூக்கோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"எனக்கும் குடுங்க," என்றாள் அக்கா. அது நரியின் குரல் இல்லை. மேசைக்குக் குறுக்கே கையை நீட்டினாள்.

என்னால் அங்கே உட்கார முடியவில்லை. டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு போய்க் கழுவி, துடைத்து, கவிழ்த்துவிட்டு வந்தேன். அவர் விரல்கள் மூடியேதான் இருந்தன. அக்காவின் கை மேசைமேல் நீட்டியபடி, உள்ளங்கை மேல்நோக்கிக் கிடந்தது.