தாயோடு விட்ட பதினொரு குட்டிகள்

1

ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை 1996இல் களக்காட்டு பஸ்ஸில் கிடைத்தது. பக்கத்து இருக்கையில் இருந்த கால்நடை டாக்டர் மதுமதி, சேரன்மாதேவியில் இறங்கும்வரை சொன்னது பாதி. மீதி என் கைச்சரக்கு.

(தாமிரபரணிக் கரையில் ஒரு பொன்மாலைப் பொழுதில்... இல்லை. காலை பத்து மணி. பிளீச்சிங் பவுடர் வாடை.)

2

மதுமதி வேலை பார்த்த தனியார் ஆட்டுப்பண்ணை. மேலாளர் காந்திமதிநாதன், நோய் அண்டக்கூடாதென்று, பிறந்த அன்றே இருபது குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்துச் சிமெண்டு அறையில் அடைத்தார். சீம்பாலும் புட்டியில்தான். தினமும் ஆன்டிபயாட்டிக். ஒரு மாதத்துக்குள் ஒன்பது குட்டிகள் கழிந்து கழிந்து செத்தன. அறையில் இடமில்லாமல் தாயோடு கொட்டகையில் விட்ட மற்ற குட்டிகள் துள்ளித் திரிந்தன.

செத்த குட்டியை மதுமதி அறுத்துப் பார்த்தாள். குடல் சுவரின் நிணநீர்த் திட்டுகள் வளராமல் மெலிந்து கிடந்தன.*

(* தாயின் மடியிலிருந்தும் தரையிலிருந்தும் குடலில் குடியேறும் நுண்ணுயிரிகள்தாம் இந்தத் திட்டுகளில் நோய் எதிர்ப்புச் செல்களை வளர்த்து, எதை எதிர்ப்பது, எதை விட்டுவைப்பது என்று பழக்குகின்றன. இங்கே பழக்க ஆளில்லை.)

அவள் மருந்தை நிறுத்தினாள். கதவைத் திறந்து, மிஞ்சிய பதினொன்றையும் தாய்களிடம் ஓட்டிவிட்டாள்.

3

"என்ன டாக்டரம்மா இப்படிப் பண்ணிட்டிய? கழுவித் தொடச்ச இடம்லா!"

"கழுவினதுதான் தப்பு அண்ணாச்சி. தாயோட அழுக்கு அதுகளுக்கு வேணும்."

"நோய் வந்துட்டா?"

"இப்ப மட்டும் என்ன வாழுதாம்?"

"நிர்வாகத்துக்கு நான் என்னத்தச் சொல்ல?"

"நான்தான் திறந்தேன்னு சொல்லுங்க."

(காந்திமதிநாதனை வில்லனாக்கப் பார்த்தேன். ஒத்துவரவில்லை. செத்த குட்டிகளைத் தன் துண்டில் சுற்றி அவரே புதைத்தவர்.)

4

அந்த வாரம் இரண்டு குட்டிகள் செத்தன. ஒன்பது பிழைத்தன. பதினொன்றும் பிழைக்கட்டுமே என்கிறார் பத்திரிகை ஆசிரியர். முடியாது. தாமதமாகத் திறந்த கதவுக்கு இரண்டு உயிர் போனது. அதை என்னால் அழிக்க முடியாது.

நிர்வாகம் மதுமதியைக் கூப்பிட்டது. பிழைத்த ஒன்பதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. குட்டிகளைப் பிரித்து வைக்கும் உத்தரவை மீறியதற்கு மன்னிப்பு எழுதிக் கொடுத்தால் வேலை உண்டு என்று வெள்ளைத்தாளை நீட்டினார்கள். வாங்கிக்கொண்டு உட்கார்ந்தாள்.

அவள் எழுதியதை நான் எழுதப்போவதில்லை. நீங்கள் எழுதுங்கள். எத்தனை வரி வேண்டுமானாலும் போகட்டும். மன்னிப்பு என்ற சொல் மட்டும் வரக்கூடாது.