சாப்பாட்டுக் கொப்பி

"சாப்பாட்டுக்கு ஆள் எண்ண வேணும், ஒருக்கா சைன் வையுங்கோ அக்கா" என்றான் வாசலில் கொப்பியும் பேனையுமாக நின்ற தபோதரன். சந்தனம் பூசிய விரலோடு பெயரை எழுதிக் கையெழுத்தும் வைத்தேன். எங்கள் ஆட்களின் கூட்டம் எதுவென்றாலும் வாசலில் இந்தக் கொப்பி இருக்கும். நான் யோசிக்கவேயில்லை.

இலங்கைக்குப் புதிய அரசியலமைப்பு எழுதப் போகிறார்களாம். ஜெர்மனியில் இருக்கும் நாங்களும் கருத்துச் சொல்லலாமாம். அதற்குத்தான் எசனில் இந்தக் கூட்டம். ஹம் நகரில் முதியோர் இல்லத்தில் எனக்கு வேலை. சனிக்கிழமை ஷிஃப்டை இன்னொருத்தியின் தலையில் கட்டிவிட்டு ரயிலேறி வந்திருந்தேன்.

சொல்ல எனக்கு இருந்தது ஒரே விஷயம். சாவகச்சேரியில் அம்மா சீதனமாகத் தந்த காணி என் பெயரில் இருக்கிறது. அதில் குடியிருக்கும் தங்கைக்கே எழுதிக் கொடுக்க ஆசை. ஆனால் யாழ்ப்பாணத் தமிழருக்கென்று இருக்கும் தேசவழமைச் சட்டப்படி புருசனும் கையெழுத்து வைக்க வேண்டும். அந்த மனிதர் பதினைந்து வருடமாகக் கனடாவில் இன்னொருத்தியோடு இருந்துகொண்டு, வைக்க மாட்டேன் என்கிறார்.

மூன்று மணி நேரம் ஆண்களே மைக்கைக் கைமாற்றினார்கள். என் முறை வந்தபோது தலைவர் மகேந்திரராஜா மணிக்கூட்டைப் பார்த்தார்.

"அண்ணை, பெண்ணின்ர காணியைப் பெண்ணே எழுதலாம் எண்டு ஒரு வரி போடுங்கோ."

"அது குடும்ப அலுவல் தங்கச்சி. இது இனத்தின்ர அலுவல். எழுதித் தாங்கோ, சேர்ப்பம்."

எழுதிக் கொடுத்தேன். மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

இரண்டு கிழமையில் அறிக்கை வட்ஸ்அப்பில் வந்தது. 'மக்களின் ஏகமனதான கருத்து' என்று தலைப்பு. என் வரியைத் தேடினேன். ஏழாம் பந்தியில், தேசவழமைச் சட்டம் ஓர் எழுத்தும் மாறாமல் பேணப்பட வேண்டும் என்றிருந்தது. கடைசியில் ஒப்பமிட்டோர் பட்டியல். வாசல் கொப்பியை அப்படியே படமெடுத்து ஒட்டியிருந்தார்கள். பதினெட்டாவது ஆள் நான். பெயருக்குப் பக்கத்தில் சாப்பாட்டுக்காக 'மரக்கறி' என்று நான் எழுதியதைக்கூட அழிக்கவில்லை.

உடனே தலைவருக்குப் போன் எடுத்தேன்.

"சோத்துக்கு வைச்ச கையெழுத்து அண்ணை அது!"

"எல்லாரையும் கேட்டுத்தானே செய்தனாங்கள்."

"கோழியைக் கேட்டோ ஆணம் காய்ச்சுறது? என்ர பேரை எடுங்கோ."

"கொழும்புக்கு அனுப்பியாச்சு, இனி ஏலாது. உங்கட கையெழுத்துச் செல்லும், பயப்பிடாதேங்கோ."

"புருசன் வைக்காமலே செல்லுமோ?"

அவர் போனை வைத்துவிட்டார்.