கொம்பர் குழந்தை

கொம்பர்களின் கைக்குழந்தையை வெட்டிப் போட்டுவிட்டு, மருந்துக்கடைக்காரன் தட்டிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்துக் கடித்தான்.

வெட்டியது விளையாட்டில்தான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான்கு பேர் சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் ஆட்டம் அது. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொண்டு, என்ன செய்கிறோம் என்று வாயால் சொல்லிப் பகடை உருட்டுவார்கள். ஒவ்வொருவர் தாளிலும் ‘குணம்’ என்று ஒரு கட்டம் உண்டு. மருந்துக்கடைக்காரனின் வீரன் நல்லவன். நல்லவன் அநியாயம் செய்தால் அவன் வாளின் சக்தி போய்விடும் என்பது விதி. சக்தி போகவில்லை.

“ஏன் போகல?” என்று கேட்டாள் வைத்தியச்சி வேடம் எடுத்திருந்தவள். நிஜத்தில் அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துப் பொருத்துபவள். கதையை நடத்தியவன் அவளை அடுத்த மாதம் கட்டிக்கொள்ளப் போகிறவன். வீடும் அவனுடையதுதான்.

“கொம்பர் இனமே கெட்டது. புத்தகத்துலயே போட்டிருக்கு” என்று ஆட்டத்தின் விதிப் புத்தகத்தைத் திருப்பிக் காட்டினான் அவன். “கெட்டதை அழிச்சா நல்லவனுக்குப் பாவம் கிடையாது.”

“அது கைக்குழந்தை. இன்னும் கொம்பே முளைக்கல.”

“வளர்ந்தா முளைச்சிடும் சிஸ்டர்” என்றான் மருந்துக்கடைக்காரன். கதையை நடத்தியவனின் தங்கை, வைத்தியச்சிக்கு நாத்தனாராகப் போகிறவள், களுக்கென்று சிரித்தாள்.

லென்ஸ் தேய்ப்பவளுக்குச் சுருக்கென்றது. கடையில் ஒரு ஃபிரேம் காணாமல் போனால் முதலில் திறக்கப்படுவது அவளுடைய பைதான். முதலாளி தங்கமான மனுஷர், ஒருநாளும் திருடி என்று சொன்னதில்லை. ‘சும்மா பார்த்துடலாம்மா’ என்பார். மற்றப் பெண்களின் பைகளைச் சும்மாகூடப் பார்க்கமாட்டார். அவர்கள் யாரும் கால்வாய்த் தெருவிலிருந்து வருகிறவர்கள் இல்லை. அந்தத் தெருவைப் பற்றியும் யாரோ எந்தப் புத்தகத்திலோ போட்டு வைத்திருக்கிறார்கள். கட்டிக்கொள்ளப் போகிற இவன் ஒருவனாவது அதைப் படிக்காதவன் என்று நம்பித்தான் கழுத்தை நீட்டச் சம்மதித்திருந்தாள்.

“அந்த விதியைத் தூக்கிடு” என்றாள். “செய்யறதைப் பார்த்து நல்லவன் கெட்டவன்னு சொல்லு. பிறந்ததை வச்சுச் சொல்லாதே.”

“தூக்கிட்டா யாரை அடிக்கறது, யாரை விடறது? ஒவ்வொருத்தனையும் உட்கார வச்சு விசாரிச்சுக்கிட்டா இருக்க முடியும்?”

“விசாரி. கையை ஓங்கறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டா கை தேஞ்சா போயிடும்?”

“விளையாட்டுதானே அண்ணி, விடுங்க” என்றாள் நாத்தனார்.

விளையாட்டுதானேயாம். இந்த ஒரு சொல்லைப் போர்த்திக்கொண்டு மனிதர்கள் எதைத்தான் செய்யமாட்டார்கள்.

கதைப்படி கொம்பர்களின் குகையில் இன்னொரு குழந்தை மிச்சமிருந்தது. “அதை என் வைத்தியச்சி தூக்கிக்கிட்டா. எவனும் கிட்ட வரக் கூடாது” என்றாள்.

மருந்துக்கடைக்காரன் பகடையைக் குலுக்கினான். “அப்போ உங்களையும் சேர்த்துத்தான் வெட்டணும் சிஸ்டர். கெட்டதுக்குத் துணை போனா நீங்களும் கெட்டவங்கதான்.”

கதையை நடத்தியவன் அவன் கையைப் பிடித்துத் தடுத்தான். அவள் முகம் போகிற போக்கு அவனுக்குத் தெரிந்தது. சின்னக் குழந்தையைச் சமாதானம் செய்வதுபோல் பேசினான்.

“சரி சரி, கோச்சுக்காத. உன் கையில இருக்கற குழந்தைக்கு மட்டும் விதிவிலக்கு தர்றேன். எங்க அம்மாகிட்ட உனக்கும் இப்படித்தானே வாங்கினேன். ‘அந்தத் தெருவே அப்படித்தான், நான் இல்லைன்னு சொல்லலம்மா. இவ மட்டும் வேற’ன்னு படிச்சுப் படிச்சுச் சொன்ன பிறகுதான் சம்மதிச்சாங்க.”

பெருமையாகத்தான் சொன்னான். அவளுக்காகத் தாயோடு மல்லுக்கு நின்றவன் அல்லவா. அவளை ஆளாக்கிய அம்மா, மூட்டை தூக்கியே முதுகு வளைந்த அப்பா, பரீட்சைக்குப் போகும்போது தன் செருப்பைக் கழற்றிக் கொடுத்த பக்கத்து வீட்டு அக்கா, எல்லோரையும் கெட்டவர்கள் பட்டியலில் தள்ளிவிட்டு அவளை மட்டும் கைதூக்கி விட்டிருக்கிறான். அதற்கு நன்றி வேறு எதிர்பார்க்கிறான்.

“எங்க அம்மா எந்தப் பக்கம்?”

“உங்க அம்மாவை நான் ஏதாவது சொன்னேனா?”

“நமக்குப் பிறக்கப் போற குழந்தை? அதுக்கும் உங்க அம்மாகிட்ட விதிவிலக்கு வாங்கணுமா?”

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவன் தன் தாய் படுத்திருந்த அறைக் கதவைப் பார்த்தான்.

“மெதுவா பேசு” என்றான். “அம்மா காதுல விழப்போகுது.”

அவள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து அந்தக் கதவருகே போனாள்.

“அத்தை, எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம்” என்றாள், உள்ளே நன்றாகக் கேட்கும்படி.