பெருவிரலில் எரிந்த விளக்கு

மாட்சிமை பொருந்திய மக்களே, காது கொடுத்துக் கேளுங்கள்! பசறைக்கு மேலேயுள்ள பூங்கந்தைத் தேயிலைத் தோட்டத்தில் இருள் ஒழிக்கப்பட்டுவிட்டது. அருவியை மறித்து மின்சாரம் எடுத்து, தொழிலாளர் குடியிருக்கும் அறுபத்துநான்கு லய வீடுகளுக்கும் இலவச வெளிச்சம் கொடுத்த கம்பனியின் தர்ம சிந்தனையை மெச்சி, அரசாங்கம் அதற்கு வரியை மன்னித்திருக்கிறது.

இந்தச் செய்தி எட்டாத ஒரே இடம் அந்த லயம்தான்.

விடிகாலை ஐந்தரைக்கு ரெங்கம்மா மண்ணெண்ணெய்க் குப்பிலாம்பை ஊதி அணைத்துவிட்டு, செடி ஈரம் படாமலிருக்க இடுப்பில் படங்குச் சாக்கை இறுக்கிக் கட்டினாள். நேற்றைய ஈரம் காயாத சாக்கு வயிற்றில் சில்லென்று ஒட்டியது. கொழுந்துச் சாறு ஏறிக் கறுத்த விரல்களில் வெடிப்பு எரிந்தது. கூடையை மாட்டிக்கொண்டு, காலையில் பேர் பதிந்து வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்துக்கு ஏறினாள்.

அங்கே வேலை பிரிக்கவில்லை, மேசை போட்டிருந்தது. தோட்டத்தை நடத்தும் துரை நின்றார். பெரிய கிளாக்கர் இளையதம்பி ஒரு படிவத்தை விரித்தார்.

“எல்லாரும் வரிசையில வந்து கையெழுத்து வையுங்கோ. பத்து மணிக்குக் கொழும்பிலயிருந்து அதிகாரி வாறார். போன வருசம் வச்ச மாதிரித்தான்.”

போன வருடம் கம்பளி கொடுத்த அன்று வைத்தது. கம்பளிக்குத்தான் என்று நம்பி, முதல் ஆளாய்ப் பெருவிரலை உருட்டியவள் ரெங்கம்மா. பக்கத்து வீட்டு விஜயலெட்சுமி தகவல் அறியும் சட்டத்தின்படி எழுதிப்போட்டு, போன வாரம் நகல் வந்தபோதுதான் விஷயம் வெளிச்சமானது. ‘எமது வீட்டுக்கு இலவச மின்சாரம் கிடைத்தது’ என்பதன் கீழே அறுபத்துநான்கு பேரும் இருந்தார்கள். வரிவிலக்கு அவர்கள் தலைமேல் உட்கார்ந்திருந்தது; அதை இந்த வருடமும் நீட்டத்தான் இந்த மேசை.

“ஐயா, இதுல என்னா எழுதியிருக்குன்னு தமிழ்ல வாசிங்க,” என்றாள் ரெங்கம்மா.

“உனக்கு விளங்காது, பிள்ளை.”

“கொழுந்துல தண்ணின்னு கிலோ கழிக்கிறப்ப மட்டும் எங்களுக்கு வெளங்குதுங்களே!”

வரிசை சிரித்தது. துரைக்கு முகம் சிவந்தது. “கையெழுத்து வைக்காட்டி இன்னைக்குப் பேர் இல்ல! கம்பனியே நட்டத்துல ஓடுது!”

“லாபம் இருந்தாத்தானே வரி?” என்றாள் விஜயலெட்சுமி. “நட்டக்காரனுக்கு எந்த வரியைங்க மன்னிச்சாங்க?”

கிளாக்கர் இருமினார். அன்று நிர்வாகம் தந்த ஒரே நேர்மையான பதில் அதுதான்.

பேர் இல்லையென்றால் அன்றைய சம்பளம் இல்லை. ரெங்கம்மாவின் மனம் அரிசிப் பானைவரை போய்த் திரும்பியது. போன தடவை முதல் விரல் அவளுடையது. கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள்.

“எத்தனை கோடி மன்னிச்சாங்க, எதுக்கு மன்னிச்சாங்கன்னு எழுதிப் பலகையில ஒட்டுங்க. அப்பறம் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போறோம்.”

“நீ ஒருத்தி ஒக்காந்தா தோட்டம் நின்னுருமா?” என்றார் துரை.

விஜயலெட்சுமியும் உட்கார்ந்தாள். பிறகு கூடைகள் கவிழும் சத்தம் வரிசையின் கடைசிவரை போனது. மருந்தடிக்கிற ஆண்களும் முதுகிலிருந்து டாங்கியை இறக்கி வைத்தார்கள். தூறல் தொடங்கியது, எவரும் எழவில்லை. படிவத்தில் ஒரு விரலும் விழவில்லை. நாளைக்கும் இங்கேதான் என்று வரிசை முழுக்கப் பேச்சு.

பத்தரைக்கு வந்த அதிகாரி பங்களாவில் சாப்பிட்டுவிட்டு, களத்துப் பக்கம் வராமலே கொழும்புக்குப் போய்விட்டார்.