ஃபில்டர் ஆஃப்பில்தான் இருக்கிறது

என் வீட்டுக்காரர் நான்கு நாட்களாக முகம் தெரியாதவர்களோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். அவர் பஸ் டிரைவர். லீவு நாட்களில், கல்யாணத்துக்கு முன்பு விளையாடிய வீடியோ கேம்களை கம்ப்யூட்டரில் விளையாடுவார். பழைய கேம் பெட்டியைப் போலவே கம்ப்யூட்டரை நடிக்கவைக்கிற எமுலேட்டர் என்ற சாஃப்ட்வேர் அதற்கு இருக்கிறது. அந்தக் காலத்துப் படங்கள் எல்லாம் பொடிசு. பெரிய திரைக்கு இழுத்தால் சுவரும் தரையும் கட்டம் கட்டமாக, ஓரமெல்லாம் படிப்படியாகத் தெரியும். ஃபில்டரிங் என்று ஒரு செட்டிங், அதைப் போட்டால் பக்கத்துப் பக்கத்து நிறங்களைக் குழைத்து வழவழவென்று ஆக்கிவிடும். இவருக்கு அது ஆகவே ஆகாது. முகத்தில் மாவு அப்பியது போல இருக்கிறதாம், கட்டம் தெரிந்தால்தான் அசலாம். சாப்பாட்டில் உப்பு இல்லாவிட்டாலும் வாய் திறக்காத மனுஷன், இதில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டார்.

எமுலேட்டரின் புது வெர்ஷனில் ஃபில்டரை அணைத்தாலும் அணையவில்லை என்பது அவருடைய புகார். அதற்கென்று இருக்கும் இணையக் குழுவில், போனில் பேசியே எழுத்தாக்கி, பக்கம் பக்கமாகத் திட்டித் தீர்த்தார். பதில்களை என்னைத்தான் படிக்கச் சொன்னார். எழுத்து பொடியாக இருக்கிறதாம். எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். சர்க்கரை ஏறிக்கிடக்கிற ஆளோடு இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியும் உறைக்கவில்லை. திரையைப் படம் எடுத்து அனுப்புங்கள் என்று கேட்டார்கள். அனுப்பினார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பதில் வந்தது. ஃபில்டர் ஆஃப்பில்தான் இருக்கிறது, கட்டங்களை ஒன்றொன்றாக எண்ணலாம் என்று எழுதியிருந்தார்கள்.

"இவனுங்களுக்குக் கண்ணு முகத்துல இருக்கா, முதுகுல இருக்கா? நீ வந்து பாரு. பார்த்துட்டு நீயே சொல்லு."

ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். கதாநாயகனின் மூக்கு இரண்டு கட்டம். கண் ஒரு கட்டம். குளியலறைத் தரைபோல அப்பட்டமாகத் தெரிந்தது. அவரோ மூக்கு திரையில் முட்டுகிற தூரத்தில் உட்கார்ந்திருந்தார். நான் மவுஸை வாங்கி ஃபில்டரைப் போட்டேன். எல்லாம் குழைந்து வழவழப்பானது.

"இப்ப எப்படி இருக்குங்க?"

"அதேதான்."

அணைத்தேன். கட்டங்கள் திரும்பி வந்தன.

"இப்போ?"

"அதே எழவுதான். சொன்னேன்ல?"

மறுபடியும் ஃபில்டரைப் போட்டேன். மூன்றாவது தடவை நான் எதுவும் கேட்கவில்லை. நான் சும்மா நிற்பதை வைத்தே அவருக்குப் புரிந்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றி சட்டை நுனியில் வெகுநேரம் துடைத்தார்.

"போன மாசம்தானே டிப்போவுல கண் டெஸ்ட் எடுத்தீங்க?"

"எனக்கு முன்னாடி லைன்ல ஆறு பேரு. ஒவ்வொருத்தனும் சத்தமாப் படிச்சான். எனக்கு மனப்பாடம் ஆயிடுச்சு."

சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த மவுஸை அவர் தலையிலேயே போட்டிருப்பேன். நாளைக்குக் காலையில் அறுபது பேரை ஏற்றிக்கொண்டு போகப்போகிற மனுஷன்.

"லீவு சொல்லுங்க. டாக்டரைப் பார்ப்போம்."

"பார்த்தாச்சு. உன்கிட்ட சொல்லல. இருக்கிறதைக் காப்பாத்தலாம், போனது போனதுதான்னுட்டாரு." கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு, "இருபத்திரண்டு வருஷமா ஒரே ரூட்டு. எந்த வளைவு எங்க வரும்னு கைக்கே தெரியும். ஸ்டியரிங்கை விட்டா நான் என்னத்துக்கு? நீ மட்டும் வாயைத் திறக்காம இரு" என்றார்.

வளைவு அதே இடத்தில்தான் இருக்கும், குறுக்கே ஓடி வருகிற குழந்தை அப்படி இருக்குமா என்று கேட்டேன். போனில் டிப்போ மேனேஜர் நம்பரை எடுத்தேன். இவர் என்னைத் தடுக்கவில்லை, கெஞ்சவும் இல்லை. அதனாலேயே என்னால் அழுத்த முடியவில்லை. என்னைப் போல ஒரு கோழை கிடையாது.

மறுநாள் காலை வழக்கம்போலக் கிளம்பிப் போனார். வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. பின்னாலேயே போய் அவர் ரூட்டில் ஐந்தாவது ஸ்டாப்பில் நின்றேன். என்ன செய்யப்போகிறேன் என்று எனக்கே தெரியாது. அலுவலகம் போகிறவர்களும் பள்ளிப் பிள்ளைகளுமாக நல்ல கூட்டம். பஸ் சரியான இடத்தில், ஒரு குலுக்கல் இல்லாமல் வந்து நின்றது. நான்தான் முதல் ஆளாக முன்வாசலில் கால் வைத்தேன். அவர் திரும்பி என் முகத்தை நேராகப் பார்த்தார்.

"ஏறும்மா, ஏறு. பின்னாடி ஆளுங்க நிக்கிறாங்க பாரு."

தெரியாதவர்களிடம் பேசுகிற குரல். நல்ல குரல்தான், மரியாதையான குரல். பின்னாலிருந்து யாரோ என் முதுகில் கை வைத்துத் தள்ளினார்கள். ஒருவர் நேரமாகிறது என்று கத்தினார். நான் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். ஏறவும் இல்லை, படியிலிருந்து காலை எடுக்கவும் இல்லை. கதவு பாதி மூடி, என் தோளில் இடித்து, மறுபடி திறந்தது.

"யாரும்மா அது?" என்றார் அவர், கண்ணைச் சுருக்கிக்கொண்டு.